புதுப்பிப்பு: பேராதனை சிறுவர் ஆஸ்பத்திரிக்குச் சேர்த்த காசு

எங்கள் தோட்டத்தில் தீபாவளிக்குக் கொடுக்கும் அட்வான்ஸில் (சம்பள முன்பணம்) ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு, கண்டிக்குப் பக்கத்திலுள்ள பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கு உதவலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். சேர்த்துவிட்டோம்.

தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களுக்கு உண்டியல் ஒவ்வொன்றாகப் போனது. வேலையை விட்டு நின்ற பாட்டி ஒருவர் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார். வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை.

வார்டில் என்ன தேவையென்று கேட்டு பெட்ஷீட், பால்மா, சவர்க்காரம் வாங்கிக் கொடுத்தோம். அரச ஆஸ்பத்திரி, வைத்தியம் இலவசம்தான். ஆனால் ஹட்டன் பக்கத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் அம்மாவுக்கு பஸ் காசும் போகிறது, அன்றைய பேரும் (ஒரு நாள் சம்பளமும்) போகிறது. எனக்கு அதுதான் பெரிய பாரமாகத் தெரிகிறது. மிச்சக் காசை அந்தப் பயணச் செலவுக்கே ஒதுக்கியிருக்கிறோம். கணக்குக் கொப்பி கோயில் கமிட்டியிடம் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.