சேலம் குகை வீட்டுச் சொந்தங்கள்: செவ்வாய்க்கிழமை பதில் சொல்ல வேண்டும்

ஞாயிறு, மாலை 6.10

குமார்: எல்லோரும் பாருங்கள். செவ்வாய்க்கிழமை டாக்டர் பதில் கேட்டிருக்கிறார். அப்பாவின் புற்றுநோய்க்குக் கீமோ ஆரம்பிப்பதா, வேண்டாமா. போனில் ஆளுக்கொன்று சொல்கிறீர்கள். இங்கேயே பேசி முடிப்போம்.

செல்வி: அப்பா இந்தக் குழுவில் இல்லையே?

ராணி: இல்லை அண்ணி. மாமாவிடம் பட்டன் போன்தான்.

மணி: பெங்களூருக்குக் கூட்டி வா என்று அன்றைக்கே சொன்னேன்.

குமார்: தொப்பூர் தாண்டுவதற்குள் மூன்று முறை வாந்தி எடுப்பார் அண்ணா. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

பழனி: எண்பது வயதில் ஊசி மருந்தெல்லாம் எதற்கு? அண்ணனை ஏற்காட்டுக்கு அனுப்புங்கள். நாகலூர் காற்றில் ஒரு மாதம் இருக்கட்டும்.

செல்வி: 79 சித்தப்பா.

பழனி: சரி, 79.

சுமதி: சின்ன தாத்தா, பெரிய மாமா, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். 79 ஆகிவிட்டது, விட்டுவிடலாம் என்பதும் தப்பு. இருப்பதிலேயே பெரிய மருந்தாகப் போடச் சொல்வதும் தப்பு. ஒரே வயதில் ஒருவர் கோட்டை மாரியம்மன் கோயிலைச் சுற்றி வருகிறார், இன்னொருவர் கட்டிலை விட்டு எழுவதில்லை. அதனால் முதியவர்களுக்குக் கீமோ கொடுக்கும் முன் சில விஷயங்களைத் தனியாகப் பார்க்கச் சொல்கிறார்கள். நடை எப்படி, எடை எவ்வளவு குறைந்தது, எத்தனை மாத்திரை, ஞாபகம், மனசு, வீட்டில் யார் இருக்கிறார்கள். 2021இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் 70 வயதும் அதற்கு மேலும் ஆகி, புற்றுநோய் முற்றிய 718 பேர். கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இந்த விவரங்களையும் என்ன செய்யலாம் என்பதையும் எழுதி டாக்டர் கையில் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு வழக்கம்போல. கடுமையான பக்கவிளைவு வழக்கமான பக்கம் 71 சதவீதம், விவரம் கொடுத்த பக்கம் 51. ஆறு மாதம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் கணக்கில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. விவரம் கையில் இருந்த டாக்டர்கள் முதல் சுற்றில் பல பேருக்கு அளவைக் குறைத்து ஆரம்பித்தார்கள்.

பழனி: கண்ணாடி கையில் இல்லை சுமதி. பேசி அனுப்பு.

விக்னேஷ்: சித்தப்பா, இந்த வருடம் ஆடித் திருவிழா வண்டி வேடிக்கை எந்தத் தேதி? லீவு சொல்ல வேண்டும்.

குமார்: விக்கி, முதலில் இது முடியட்டும்.

ராணி: மாமாவும் தினமும் அதைத்தான் கேட்கிறார்.

மணி: சுமதி, நம் டாக்டர் இதையெல்லாம் பார்த்தாரா?

சுமதி: நடையைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். போன ஞாயிறு முற்றத்தில் நாற்காலி போட்டு, எழுந்து மூன்று மீட்டர் போய்த் திரும்பி உட்காரச் சொன்னேன். இரண்டு கையையும் ஊன்றித்தான் எழுந்தார். திரும்பும்போது சுவரைப் பிடித்தார். 19 விநாடி. 12க்கு மேல் போனாலே விழுந்துவிடுவார் என்று ஆஸ்பத்திரியில் நாங்கள் ஜாக்கிரதையாக இருப்போம்.

செல்வி: பொங்கலுக்கு 61 கிலோ இருந்தார். இப்போது 54.

ராணி: அண்ணி, இன்னொன்று. மாத்திரை டப்பாவை இன்றைக்குப் பாயில் கொட்டிப் பார்த்தேன். ஒன்பது வகை. பிரஷருக்கு இரண்டு அட்டை, மேலே பெயர் வேறு வேறு. பின்னால் சின்ன எழுத்தில் இரண்டிலும் டெல்மிசார்ட்டான் என்றுதான் இருக்கிறது. ஒன்று பழைய டாக்டர் கொடுத்தது, இன்னொன்று கண் ஆபரேஷனுக்கு முன்னால் வேறிடத்தில் எழுதியது. நான்தான் இரண்டையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சுமதி: அத்தை, உங்கள் தப்பு இல்லை. எழும்போது தலை சுற்றுவது அதனாலும் இருக்கலாம். நாமாக நிறுத்த வேண்டாம். இப்போதே டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். செவ்வாய்க்கிழமை அந்த டப்பாவை அப்படியே எடுத்துப் போவோம்.

மணி: சரி. கீமோ உண்டா இல்லையா, அதைச் சொல்.

சுமதி: மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது மாமா. தாத்தாவுக்கு எழுதியிருக்கும் கீமோ மருந்து ஆக்சாலிபிளாட்டினும் கேப்சிடபினும். இதே இரண்டு மருந்தை வைத்து பிரிட்டனில் ஆய்வு செய்தார்கள். உணவுக்குழாய், இரைப்பைப் புற்று முற்றி, உடம்பு தளர்ந்த 514 பேர். முழு அளவு, 80 சதவீதம், 60 சதவீதம் என்று பிரித்துக் கொடுத்தார்கள். நோயைக் கட்டுப்படுத்துவதில் 60 சதவீதம் பின்தங்கவில்லை, பக்கவிளைவும் குறைவு. தாத்தாவுக்கு இது பொருந்துமா என்று கேட்க வேண்டும். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டும், கேப்சிடபின் அளவு கிட்னியைப் பொறுத்தது.

மணி: அளவைக் குறைத்தால் செலவும் குறையும் என்று யாரும் கணக்குப் போடவில்லையே?

குமார்: அண்ணா, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. யார் கணக்குப் போட்டார்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

குமார்: அம்மாவுக்குக் கடைசி இருபது நாள் ஐசியூ. எல்லாம் செய்து பார்ப்போம் என்று நீங்கள் சொன்னீர்கள், செய்தார்கள். கண்ணாடிக் கதவு வழியாகத்தான் பார்த்தோம்.

மணி: எட்டு வருடமாக இதை மனதில் வைத்திருக்கிறாயா?

செல்வி: இரண்டு பேரும் நிறுத்துங்கள். அம்மாவை இதில் இழுக்காதீர்கள்.

விக்னேஷ்: அத்தை, எங்கள் அப்பா போனை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

பழனி: சுமதி, இப்போது படித்தேன். நல்லாத்தான் சொல்கிறாய். அண்ணன் என்ன சொல்கிறார்?

குமார்: அவருக்கு அல்சர் என்றுதான் சொல்லியிருக்கிறோம் சித்தப்பா.

ராணி: இன்றைக்கு மதியம் ரசம் சாதம் நாலு வாய் சாப்பிட்டார். தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, “அல்சருக்கு இத்தனை ஸ்கேன் எடுப்பார்களா ராணி?” என்றார். பதில் சொல்லத் தெரியாமல் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். நீங்கள் எல்லோரும் பேசுகிறீர்கள். அவரை யாருமே கேட்கவில்லை.

சுமதி: அதைத்தான் அத்தை நானும் சொல்ல வந்தேன். அளவு, மருந்து எல்லாம் அப்புறம். மாதங்கள் கூடினால் போதுமா, தன் காலில் நடந்து திண்ணைக்கு வந்து உட்கார வேண்டுமா, ஆஸ்பத்திரிக்கு எத்தனை தடவை போகச் சம்மதம் என்று அவர்தான் சொல்ல வேண்டும். ஐம்பது வருடம் தறிக் குழியில் உட்கார்ந்து குடும்பத்தை நிறுத்தியவர். அவர் உடம்பைப் பற்றி அவரிடம் மறைத்துக்கொண்டு நாம் ஓட்டுப் போட முடியாது.

செல்வி: சொன்னால் தாங்குவாரா?

சுமதி: ஒரேயடியாகக் கொட்ட வேண்டாம். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று கேட்டுவிட்டுச் சொல்லலாம் அம்மா.

மணி: நாளை ராத்திரி கிளம்பி வருகிறேன். அப்பாவிடம் நான் பேசுகிறேன்.

செல்வி: நீ பேசாதே மணி, அழுதுவிடுவாய். சுமதி பேசட்டும்.

பழனி: அண்ணன் என்னிடம்தான் மனசு விட்டுப் பேசுவார். காலை முதல் பஸ்ஸில் இறங்குகிறேன். மிளகு கொஞ்சம் கொண்டு வரவா?

ராணி: மிளகு வேண்டாம் சித்தப்பா, நெஞ்சு எரிகிறது என்கிறார்.

குமார்: டாக்டருக்குப் போன் போட்டேன். நாளைக் காலையிலிருந்து ஒரு பிரஷர் மாத்திரை மட்டும் கொடுக்கச் சொன்னார், இன்னொரு அட்டையைத் தனியாக எடுத்து வை ராணி. செவ்வாய் பத்து மணிக்கு வரச் சொன்னார். குறைந்த அளவு பற்றி நேரில் பேசலாமாம். ஸ்கேன் ஃபைல் யாரிடம் இருக்கிறது?

செல்வி: என்னிடம் இல்லை. பீரோ மேல் பார்.

ராணி: பீரோ மேல் இல்லை. மாமா கட்டிலில் இருக்கிறது. விளக்கைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

ராணி: சுமதி, இப்போதே வர முடியுமா?

சுமதி: அம்மாபேட்டையில்தான் இருக்கிறேன் அத்தை. வண்டியை எடுத்துவிட்டேன்.