2 பரப்பு புல்லுத்தரை வெட்ட மாதம் 15,000 கேக்கினம், சரியான விலையோ?

வளவுக்காரன்:
இடம் கிளிநொச்சி, டவுனுக்கு வெளியில. செம்மண்ணும் கொஞ்சம் களியும். வீட்டைச் சுத்தி 2 பரப்பில புல்லு நிக்குது. முன்பக்கம் மலேசியன் புல், பின்பக்கம் தானா வந்த அறுகு. கிணறு இருக்கு, 1 குதிரைவலு மோட்டர்.

ரெண்டு பேரிட்ட விலை கேட்டன். ஒருத்தர் வருசம் முழுக்க மாதம் 15,000 ரூபா, மாதம் ரெண்டு தரம் வெட்டுவினமாம். மற்றவர் கூப்பிடேக்க வந்து வெட்டுவார், ஒருக்கா வெட்ட 6,000, பெற்றோல் அவற்றை செலவு. இஞ்ச நாட்கூலி 3,000. மெசினோட வாற ஆளுக்கு 5,000. எது நியாயம்? ரெண்டு பேரும் சொல்லாமல் விட்ட செலவு ஏதும் இருக்கோ?

கனகராயன்_கரை:
முதல் அளவைப் பாப்பம். ஒரு பரப்பு 10 பேர்ச், அதாவது 2,722 சதுர அடி. உங்கட 2 பரப்பு கிட்டத்தட்ட 5,445 சதுர அடி. வீடு, பாதை, மரத்தடி எல்லாத்தையும் கழிச்சுப்போட்டு நாடாவால அளந்து பாருங்கோ. வளவின்ரை அளவைப் புல்லின்ரை அளவா எழுதித்தான் கனபேர் கூட வாங்கினம்.

ஒருக்கா வெட்டுற செலவு இது. மெசின்காரன் அரை நாள் 2,500, அள்ளிக் கூட்டுற உதவியாள் அரை நாள் 1,500. மெசின் 3 மணித்தியாலம் ஓடினால் 2 முதல் 2.5 லீற்றர் பெற்றோல். லீற்றர் 300 எண்டு வைச்சால் 750. ஓயிலும் மெசினில புல்லு வெட்டுற நைலோன் நூலும் ஒரு 200. மொத்தம் 5,000க்குக் கிட்ட. அவர் 6,000 கேக்கிறது ஞாயம்தான்.

மற்றவரின்ரை கணக்கு வருசம் 1,80,000. 24 வெட்டு, ஒண்டுக்கு 7,500. ஆனா வன்னியில புல்லு 24 வெட்டுக்கு வளராது. ஐப்பசி தொடங்கித் தை வரை மழைக்கு 12, 14 நாளுக்கு ஒருக்கா, அது 9 வெட்டு. மாசி, பங்குனிக்கு 2. சித்திரை மழை விழுந்தால் ஒரு 3. சோழகக் காத்து (தென்மேல் பருவக் காத்து) அடிக்கிற மாதங்களில தண்ணி விட்டால் மாதம் ஒண்டு, விடாட்டில் ஒண்டுமே வேண்டாம். ஆக 14 முதல் 18 வெட்டு. 6,000 படி 84,000 முதல் 1,08,000 வரை. ஆவணியில காய்ஞ்ச புல்லுக்கு மேல மெசினைக் காட்டிப்போட்டு 7,500 வாங்கிறதுக்கு நீங்கள் ஏன் காசு குடுக்கோணும்?

15,000க்குள்ள தண்ணி விடுறது, களை பிடுங்கிறது, பசளை எல்லாம் அடக்கமெண்டால் அது வேற கதை. அதைக் கேட்டு எழுதுங்கோ.

நெளுக்குளம்_நாற்றுமேடை:
வெட்டுக்கூலி பெரிய செலவே இல்லை, அண்ணை. தண்ணிதான் செலவு. 2 பரப்பு 506 சதுர மீற்றர். காத்து மாதங்களில நாளுக்கு 4 மில்லிமீற்றர் எண்டு பிடிச்சாலும் 2,000 லீற்றர். நாளாந்தம் தெளிக்கிறதை விட கிழமைக்கு ரெண்டு தரம் ஆழமா விடுறது நல்லது, ஒரு தரத்துக்கு 14 மில்லிமீற்றர், அதாவது 7,000 லீற்றர். உங்கட மோட்டர் மணிக்கு 3,000 லீற்றர் இறைச்சால் ரெண்டேகால் மணித்தியாலத்துக்கு மேல ஓடும். மாதம் 20 யூனிட்டுக்கு மேல கூடும். அந்த 20 யூனிட்டின்ரை விலை பெரிசில்லை, ஆனா மாதம் 60 அல்லது 90 யூனிட் எண்ட கட்டணப் படியைத் தாண்டினால் நிலையான கட்டணமும் சேந்து ஏறும். பில்லை எடுத்து இப்ப எந்தப் படியில நிக்கிறியள் எண்டு பாருங்கோ.

14 மில்லிமீற்றர் விழுந்துதா எண்டு பாக்க வெறும் மீன் ரின் நாலைத் தெளிகருவிக்குக் கீழ வையுங்கோ. ஒரு ரின்னில 20, மற்றதில 6 எண்டால் தெளிகருவியை மாத்தி வைக்கோணும். அப்பிடிப் பாக்காமல் விட்டால் ஒரு பக்கம் மஞ்சள், மற்றப் பக்கம் சேறு.

ஆவணி, புரட்டாதியில கிணத்து மட்டம் இறங்கினால் பவுசரில தண்ணி வாங்கப் போகாதேங்கோ. பின்பக்க அறுகு காய்ஞ்சு மண்ணிறமாகும், ஐப்பசி மழைக்குத் திரும்ப வரும். முன்பக்க மலேசியன் அப்பிடியில்லை. அது நிழலுக்கும் ஈரத்துக்கும் உள்ள சாதி, வெயிலில செத்தால் செத்ததுதான். இருக்கிற தண்ணியை முன்பக்கத்துக்கு மட்டும் விடுங்கோ. இல்லாட்டில் முன்பக்கத்தில வெயில் படுற இடத்தை அறுகுக்கு மாத்துங்கோ. 4 அங்குலச் சதுரமா வெட்டி அடிக்கு ஒண்டு நட்டால் ஒரு சதுர அடிப் புல்லு 9 சதுர அடிக்குக் காணும். மழை தொடங்கி ரெண்டு, மூண்டு மாதத்தில மூடிடும்.

மண்வெட்டி:
பசளை அடக்கம் என்று சொல்லுறவை அளவைச் சொல்லுறதில்லை. 1,000 சதுர அடிக்கு ஒரு தடவை அரைக் கிலோ யூரியா போதும், உங்களுக்கு 2.7 கிலோ. மழைக் காலத்தில ரெண்டு தரம், கார்த்திகையில ஒண்டு, தையில ஒண்டு. அடை மழைக்கு முன்னால போட்டால் வாய்க்காலுக்குப் போகும். ஈர இலையில போட்டால் எரிஞ்சு புள்ளி விழும். காய்ஞ்ச இலையில எறிஞ்சுபோட்டு உடனே தண்ணி விடோணும். கரும்பச்சை காட்ட இரட்டிப்பா எறியிற ஆக்களும் இருக்கினம். புல்லு மளமளவெண்டு ஏறும், ஒரு வெட்டுக்கு இவ்வளவு எண்டு வாங்கிறவருக்கு அது வாசி.

எருவும் அடக்கம் எண்டால் இன்னும் கவனம். கால் அங்குலம் பரப்ப 2 பரப்புக்கு 1.1 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) வேணும். மூண்டு மாதமாவது மக்கியிருக்கோணும். பச்சை எருவில பார்த்தீனியம், தொட்டாச்சிணுங்கி எல்லாம் விதையா வரும். பிறகு களை பிடுங்க வேற நாட்கூலி. மலிவு எரு எண்டு வாங்கினால் இப்பிடித்தான் முடியும்.

கோரை இருந்தால் அதுக்குத் தனி விலை பேசுங்கோ. மேலால இழுத்தால் கிழங்கு உள்ளுக்க நிண்டு திரும்ப முளைக்கும். முதல் நாள் தண்ணி விட்டு மண்ணை இளக்கி, சின்ன அலவாங்கால அரையடி ஆழம் கிண்டிக் கிழங்கோட எடுக்கோணும். செம்மண் காய்ஞ்சால் அலவாங்கு இறங்காது, ஒரு நாள் வேலை ரெண்டு நாளாகும்.

முல்லைக்கரை:
கடலோரத்தில மணல் மண்ணெண்டால் மேல சொன்ன கணக்கு அப்பிடியே பொருந்தாது. மணலில ஒரே தரத்தில 14 மில்லிமீற்றர் விட்டால் கீழ இறங்கிப்போகும், பாதி அளவை இரட்டை தரம் விடோணும். யூரியாவும் அப்பிடித்தான், கால்கால் கிலோவா. கிணத்துத் தண்ணி உவரெண்டால் மலேசியன் புல்லுக்குச் செலவழிக்கவே வேண்டாம். அறுகு அல்லது பஃபலோ புல் போடுங்கோ.

வளவுக்காரன்:
நல்ல விளக்கம், எல்லாருக்கும் நன்றி. நாடாவால அளந்தன், புல்லு ஒண்டே முக்கால் பரப்புத்தான். 6,000காரரைப் பிடிக்கலாம் எண்டு இருக்கிறன். ஆனா மாசியிலயிருந்து ஆறு மாதம் வீட்டில ஆள் இல்லை. அப்ப என்ன செய்யிறது?

கனகராயன்_கரை:
அந்த ஆறு மாதத்துக்கு மட்டும் தண்ணிக்கும் காவலுக்கும் ஒரு ஆளை வையுங்கோ, வெட்டு தனியா. ஒவ்வொரு தரமும் ஒரே இடத்தில நிண்டு எடுத்த படமும், மோட்டருக்குத் தனி மீற்றர் பூட்டி அதின்ரை வாசிப்பும் வாட்ஸ்அப்பில அனுப்பச் சொல்லுங்கோ. மீற்றர் பொய் சொல்லாது.

வெட்டுறவரோட முதலே பேசவேண்டியது: மெசினால கல்லுத் தெறிச்சு கண்ணாடி உடைஞ்சால் ஆர் பொறுப்பு? வெட்டின புல்லை ஆர் கொண்டுபோறது? மாட்டுக்குக் கேக்கிற ஆளிருந்தால் சும்மா குடுக்கலாம், மருந்தடிச்ச புல்லெண்டால் குடுக்காதேங்கோ. வெட்டுற உயரத்தையும் சொல்லுங்கோ. அறுகு ஒண்டரை அங்குலம், மலேசியன் ரெண்டு. ஒரு தரத்தில மூண்டில ஒரு பங்குக்கு மேல எடுத்து மொட்டையடிச்சால் மண் தெரியும், அந்த இடத்தில முதல் வாறது களைதான். மாங்கண்டு, தென்னம்பிள்ளை அடியில ஒரு அடி வட்டத்துக்கு மெசின் கொண்டுபோகக்கூடாது. நைலோன் நூல் மாங்கண்டின்ரை பட்டையைச் சுத்தி அறுத்தால் கண்டு பட்டுப்போகும்.

படலையையும் பாருங்கோ. மழை ஈரத்தில கட்டாக்காலி மாடு ஒரு இரவு உள்ளுக்க நிண்டால் குளம்புக் குழி எல்லாம் காய்ஞ்சு கல்லாகும். அதை நிரவ ரெண்டு ஆள் ஒரு நாள், 6,000. ஒரு வெட்டின்ரை காசு.