அலாரம் 'ஆஃப்' என்றால் நின்றதா, அடித்ததா?

பாரிஸில் பிரெஞ்சிலேயே படித்து வளர்ந்து, லண்டனுக்கு வந்தவள் நான். முதியோர் இல்லம் ஒன்றில் இரவு வேலை. இரண்டாவது கிழமை, கீழ்த்தளத்திலிருந்து கூட வேலை செய்கிற அக்கா போனில், "ரூம் செவன் அலாரம் வென்ட் ஆஃப்" என்றா. மணி அவவின் தளத்தில்தான் கேட்கும். லைட்டை ஆஃப் பண்ணுகிற ஆஃப்தானே, நின்றுவிட்டதாக்கும் என்று நினைத்து, மருந்துக் கொப்பியைத் தொடர்ந்து எழுதினேன். அவ படியேறி ஓடி வந்த பிறகுதான் நானும் ஓடினேன். அம்மம்மா வயதுக்காரி, கட்டிலடியில் வெறுங்காலோடு, திரைச்சீலையை இரண்டு கையாலும் பிடித்தபடி ஆடிக்கொண்டு நிற்கிறா. கொளுக்கி இரண்டு கழன்று தொங்குது. நல்லகாலம், விழவில்லை.

பிரெஞ்சில் மணி அடித்தால் 'சொன்னே', விளக்கை அணைத்தால் 'எத்தாந்த்ர்', விமானம் கிளம்பினால் 'தெகோலே'. ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல். இங்கிலீஷில் மூன்றுக்கும் ஆஃப். பால் கெட்டாலும் ஆஃப்! அதனால் பிரெஞ்சுக்குக் கிட்டின சொல்லாகத் தேடிப் பிடிப்பேன். நெருப்பை அணைப்பதற்கு வாயில் 'புட் அவுட்' வராது, 'எக்ஸ்டிங்விஷ்' வரும். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு அரண்மனை மொழியானது. அந்த வழியாக வந்த சொற்கள் பல இன்றைக்கும் கோட்டு சூட்டோடுதான் நிற்கின்றன. அதைவிட மோசம், 'இந்தச் சத்தத்தை என்னால் தாங்க ஏலாது' என்று சொல்ல நினைத்து 'ஐ கான்ட் சப்போர்ட் திஸ் நாய்ஸ்' என்பேன். பிரெஞ்சில் 'சுப்போர்த்தே' என்றால் தாங்குவது. இங்கே அதற்கு 'புட் அப் வித்'.

எனக்குக் கைகொடுத்தது தமிழ்தான். பார் வேறு, பார்த்துக்கொள் வேறு: லுக், லுக் ஆஃப்டர். விடு தெரியும், கொடு தெரியும். ஆனால் விட்டுக்கொடு என்பதைச் சின்ன வயதில் யாராவது உடைத்துப் படித்தோமா? 'கிவ் இன்' அதுதான். அன்றிலிருந்து தனிச்சொல்லாக எழுதுவதில்லை. கேட்ட வசனத்தை அப்படியே கொப்பியில் எழுதுவேன், யார் எந்த இடத்தில் சொன்னது என்பதோடு. முதல் பக்கத்தில் ஏழாம் அறை.

*

புதுச்சேரியிலிருந்து நானும் என் கதை ஒன்று சொல்கிறேன். பள்ளிப் படிப்பு முழுக்க பிரெஞ்சு மீடியம். முதல் வேலையில் வாடிக்கையாளரிடம் 'திரும்பக் கூப்பிடுகிறேன்' என்பதற்கு 'ஐ வில் ரீகால் யூ' என்றேன், பிரெஞ்சு 'ரப்லே' நினைப்பில். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. திருத்திக்கொண்டு மறுநாள் 'கால் பேக் யூ' என்றேன். 'யூ' நடுவில் போகணும் என்று பக்கத்து சீட் அண்ணன் மேசையில் விரலால் தட்டித் தட்டிக் காட்டினார்: கால், யூ, பேக்.