நிக்சனை ஃபோர்டு மன்னித்தது சரியா?

கல்வெட்டு:
1974 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்க அதிபராகப் பதவியேற்று முப்பது நாள்களே ஆகியிருந்த நிலையில் ஜெரால்டு ஃபோர்டு, எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் உளவு பார்க்க ஆட்கள் நுழைந்ததை மூடிமறைத்த வாட்டர்கேட் விவகாரத்தால் பதவி விலகிய முந்தைய அதிபர் நிக்சனுக்கு, அவர் அதிபராக இருந்த காலம் முழுவதிலும் செய்த, செய்திருக்கக்கூடிய குற்றங்கள் அனைத்துக்கும் மன்னிப்பு வழங்கினார். அது சரியான முடிவு என்பதே என் கருத்து. நியாயமான விசாரணை தொடங்கவே ஓராண்டுக்கு மேல் ஆகும் என்று மன்னிப்பு ஆணையே கூறுகிறது. அதுவரை நாடு வேறெதையும் பேசியிருக்காது. மக்களிடையே ஃபோர்டுக்கு இருந்த ஆதரவு உடனே சரிந்தது. 1976 தேர்தலில் கார்ட்டரிடம் தோற்றார். தமக்கு நட்டம் வரும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது.

நெய்தல்:
நட்டம் அடைந்ததாலேயே ஒரு முடிவு நியாயமாகிவிடாது, ஐயா. நிக்சனின் ஆணைகளை நிறைவேற்றிய உதவியாளர்கள் ஹால்டிமனும் எர்லிக்மனும் 1975 ஜனவரி முதல் நாளில் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டுப் பின்னர் சிறை சென்றார்கள். ஆணையிட்டவரோ கலிபோர்னியாவில் கடற்கரை வீட்டில் இருந்தார். ஃபோர்டின் பத்திரிகைச் செயலாளர் டெர்ஹோர்ஸ்ட், மனச்சாட்சியின் பேரில் வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்த இளைஞர்களுக்கு இல்லாத மன்னிப்பு நிக்சனுக்கு மட்டும் ஏன் என்று கேட்டு அன்றே பதவி விலகினார். அந்தக் கேள்விக்குத் தங்கள் பதில் என்ன?

கல்வெட்டு:
மன்னிப்பை ஏற்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும் என்ற பொருள்பட உச்ச நீதிமன்றம் 1915இல் பர்டிக் வழக்கில் எழுதியிருக்கிறது. அந்தத் தீர்ப்பின் பகுதியை ஃபோர்டு பின்னாளில் தம் பணப்பையிலேயே வைத்திருந்தார். போருக்குச் செல்லாதவர்களுக்கும் எட்டே நாள்களில், நிபந்தனைகளுடன் என்றாலும், ஒரு பொதுமன்னிப்புத் திட்டத்தை அறிவித்தார்.

நெய்தல்:
நிபந்தனை! அவர்களுக்கு மட்டும். நிக்சனின் அறிக்கையை ஒருமுறை படித்துப் பாருங்கள்: இன்னும் உறுதியாகவும் வெளிப்படையாகவும் நடந்துகொள்ளாதது தம் தவறு என்கிறாரே தவிர, குற்றம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. பணப்பையில் இருந்த தாளை நாட்டு மக்கள் யாரும் பார்க்கவில்லை.

பழஞ்சுவடி:
இருவருமே விட்டுவிட்ட ஒன்று உண்டு. அதே செப்டம்பர் 8 அன்று, நிக்சனின் உரையாடல்களைப் பதிவுசெய்த வெள்ளை மாளிகை ஒலிநாடாக்கள் அவருடைய உடைமை என்பதை ஏற்று, சில ஆண்டுகளுக்குப் பின் அவற்றை அழிக்கவும் அவருக்கு வழிவிடும் ஓர் ஒப்பந்தமும் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அவற்றை அரசின் பொறுப்பில் வைத்தது; 1977இல் உச்ச நீதிமன்றமும் அச்சட்டம் செல்லும் என்றது. தண்டனையைத் தவிர்ப்பது ஒன்று, சான்றையே கைவிடுவது வேறொன்று. முதலாவதில் எனக்குத் தயக்கம்தான். இரண்டாவதற்கு எந்த நியாயமும் தோன்றவில்லை.

கல்வெட்டு:
ஒலிநாடா ஒப்பந்தத்துக்காக நான் வாதாடப் போவதில்லை. அதில் ஃபோர்டு தவறினார். ஆனால் மன்னிப்பைப் பற்றிய விளக்கத்தை அவர் யாருக்கும் மறுக்கவில்லை: அக்டோபர் 17 அன்று நாடாளுமன்றத் துணைக்குழுவின் முன் தாமே சென்று அமர்ந்து, நிக்சனோடு பேரம் எதுவும் நடக்கவில்லை என்று சொன்னார். 1974இல் அந்த மன்னிப்பைக் கண்டித்த மேலவை உறுப்பினர் எட்வர்டு கென்னடியே 2001இல் அவருக்குத் துணிவுக்கான விருது வழங்கிய மேடையில் நின்று, அன்று தாம் எண்ணியது பிழை என்றார்.

நெய்தல்:
கென்னடி மனம் மாறினார், நான் மாறவில்லை. பேரம் இல்லை என்பதை நம்புகிறேன். ஆனால் நிக்சனின் தலைமை உதவியாளர் ஹேக், நிக்சன் பதவி விலகும் முன், ஆகஸ்ட் முதல் நாளன்றே, அப்போது துணை அதிபராக இருந்த ஃபோர்டிடம் வந்து மன்னிப்பையும் ஒரு வழியாகச் சொல்லிச் சென்றாரே, அதைக் கேட்டவர் மன்னிக்கும் முன் குற்றச்சாட்டையாவது பதிவாக விட்டிருக்கலாம் அல்லவா?