பந்தயக் குதிரைக்கு என்ன போடுகிறீர்கள்? பட்டதைச் சொல்லுங்கள்

தேரிக்காட்டான்:

கோயில் கொடைக்கு முந்தின ராத்திரி. விடிந்தால் குதிரை வண்டிப் பந்தயம். பத்து மணி இருக்கும், என் குதிரை முன்காலால் தரையைப் பறிக்க ஆரம்பித்தது. பசியாக்கும் என்று அரைப் பக்கா (எங்கள் ஊர்ப் படி அளவு) கொள்ளை வாளியில் போட்டு நீட்டினேன். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும் என்பார்கள். கொள்ளுக்கே வாயைத் திறக்காத குதிரையை அன்றைக்குத்தான் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. வியர்த்துக் கொட்டியது. அப்புறம் படுத்துப் புரண்டது.

மச்சினன் இஞ்சி, பூண்டு, பெருங்காயம் அரைத்து மூங்கில் குழாயோடு வந்துவிட்டான். "மாட்டுக்குக் கேக்கும்னா குதிரைக்குக் கேக்காதா அத்தான்?" என்கிறான். நல்லவேளை, போனில் டாக்டர் கத்தினார்: ஒன்றும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, உள்ளே போனது பின்னால்தான் வர வேண்டும்.

அவர் வந்து சேர ஒரு மணி ஆகிவிட்டது. அடிவயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அதை என் காதில் மாட்டி, "கேளுங்க அண்ணாச்சி" என்றார். உவரிக் கடற்கரையில் அலை திரும்பும்போது மணலை அரித்துக்கொண்டு போகுமே, அச்சு அசல் அந்தச் சத்தம். அடுத்து, ஐந்தாறு லத்தி உருண்டைகளை ஒரு வாளித் தண்ணீரில் கரைக்கச் சொன்னார். மேலே மிதந்ததையெல்லாம் வடித்துவிட்டுப் பார்த்தால், அடியில் செக்கச்செவேலென்று ஒரு கைப்பிடி தேரி மணல்.

தப்பு என்னுடையதுதான். வைக்கோலைத் தரையில் உதறிப் போடுவேன். வாளியிலிருந்து சிந்தும் கொள்ளை அது உதட்டால் துழாவித் துழாவிப் பொறுக்கும். ஒவ்வொரு பருக்கையோடும் மண்ணும் போயிருக்கிறது. டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு இசப்கோல் என்ற மலமிளக்கி உமியும் பேதியுப்பும் கரைத்து இறக்கினார். பந்தயம் போச்சு, கட்டின பணமும் போச்சு. நான்கு நாள் லத்தி வாளியும் கையுமாக அலைந்தேன். இப்போது சிமெண்ட் தொட்டி, அதன் கீழே ரப்பர் விரிப்பு. மாதம் ஒரு தடவை வாளிச் சோதனை.

நீங்கள் என்ன போடுகிறீர்கள், எதில் வைத்துப் போடுகிறீர்கள்? சொல்லுங்கள்.

அம்பை வயற்காரன்:

எங்கள் பக்கம் மணல் இல்லை, தவிடு. ஊரைச் சுற்றி ரைஸ்மில். பிசான நெல் அறுத்துவிட்டால் தவிட்டுக்கு விலையே கிடையாது. வேளைக்கு இரண்டு கிலோ வீதம் இரண்டு வருஷம் போட்டேன். குதிரை மினுமினுவென்று இருந்தது, ஊரே கண் வைத்தது. அப்புறம் கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் எலும்பு புடைத்துக்கொண்டு வந்தது. பல் கோளாறு என்று நினைத்தேன். இன்றைக்கு இந்தக் காலில் நொண்டும், நாளைக்கு அந்தக் காலில்.

ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனபோதுதான் விளங்கியது. தவிட்டில் சுண்ணாம்புச் சத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு. அதைச் சரிக்கட்ட உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பைப் பிடுங்குகிறது. பிடுங்கின இடத்தில் நார் வளர்ந்து முகம் வீங்குகிறது. வெளிநாட்டிலும் அந்தக் காலத்தில் மாவு மில்காரர்களின் குதிரைகளுக்கு இது வருமாம். மில்காரர் நோய் என்றே பேர். போதாததற்கு, வறண்ட காட்டில் நன்றாக வருகிறதே என்று கொழுக்கட்டைப்புல் வேறு போட்டிருந்தேன். அதிலிருக்கும் ஆக்சலேட் என்ற பொருள் மிச்சமிருந்த சுண்ணாம்பையும் கட்டிப்போட்டுவிட்டது. மாட்டுக்கு அதே புல் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, அதன் முதல் இரைப்பையிலிருக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துவிடும்.

இப்போது அருகம்புல், குதிரைமசால் என்கிற தீவனப்பயிர், தீவனச் சுண்ணாம்புத் தூள். தவிடு பேருக்குத்தான். நொண்டல் போய்விட்டது. முகப் புடைப்பு முழுதாக வற்றவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன வே, குதிரைக்குப் பொன்னுக்கு வீங்கியா?" என்கிறார்கள்.

பழைய லாயக்காரன்:

கிண்டியில் ஒரு லாயத்தில் ஒன்பது வருஷம் தீவன வேலை பார்த்தவன் நான். இங்கே வந்து பார்த்தால் எல்லார் கையிலும் பக்காவும் படியும்தான். அங்கே தராசு. ஒரு படி ஓட்ஸும் ஒரு படி கொள்ளும் ஒரே எடையா? அதுதான் முதல் கோளாறு.

அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை வெறும் 8 முதல் 15 லிட்டர். 500 கிலோ குதிரைக்கு ஒரு வேளைக்கு இரண்டு கிலோ தானியத்துக்கு மேல் போட மாட்டோம். நம் ஊர் வண்டிக் குதிரை 300, 350 கிலோதான், அதற்குத் தக்கபடி குறையுங்கள். மீந்த மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். வயிற்று வலி, குளம்பு அழற்சி எல்லாம் அங்கிருந்து கிளம்புகிறதுதான். ஆனால் புல்லுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். காய்ந்த எடையில் ஒரு நாளைக்கு உடம்பு எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்குக் குறையவே கூடாது. குதிரைக்கு இரவும் பகலும் அமிலம் சுரக்கும், எச்சிலோ மென்றால்தான் ஊறும். வெறும் வயிற்றில் ஓடவிட்டால் அமிலம் இரைப்பையின் மேல்பக்கம் தெறிக்கும். அதனால்தான் ஓட்டத்துக்கு முன்னால் ஒரு கைப்பிடி குதிரைமசால் கொடுப்போம்.

பந்தயத்தன்று காலையில் முட்டை, நெய், பேரீச்சம்பழம் என்று திணிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்றைக்கு ஓடுகிற ஓட்டத்துக்கு வேண்டியது போன வாரங்களில் தின்றதில் இருக்கிறது அண்ணாச்சி. ஓடி முடித்த பிறகு தண்ணீரும் உப்பும் முக்கியம். அதன் வியர்வை நம்முடையதைவிட உப்பு கூடினது.

கொள்ளு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேகவைத்து, ஆறவைத்து, அளவாக. பச்சையாகப் போட்டால் புரதம் சரியாகச் செரிக்காது.

காயல்காரன்:

தவிடு, முட்டை, நெய் என்று படித்ததும் எங்கள் ஊர்ப் பழங்கதை நினைவுக்கு வந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதே தாமிரபரணி முகத்துவாரத்தில்தான் அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாக இறங்கின. மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார்: பாண்டிய நாட்டில் குதிரைக்கு வேகவைத்த சோறும் கறியும் போடுகிறார்கள், அதனால் செத்துச் செத்து விழுகின்றன, வருஷா வருஷம் புதிதாக வாங்குகிறார்கள். பாரசீகத்து வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் தன் பங்குக்கு, வெண்ணெயில் பிசைந்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்ததாக எழுதுகிறார். ஆசைக்குக் குறைச்சலே இல்லை, பாருங்கள்.

வள்ளியூர்ப் பையன்:

ஒன்றே ஒன்று. கோழித்தீவன மூட்டையைக் குதிரைக்கு எட்டுகிற இடத்தில் வைக்காதீர்கள். சில பிராய்லர் தீவனங்களில் ரத்தக்கழிச்சலுக்காக மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். கோழிக்கு அது காவல், குதிரைக்கு இதயத் தசையையே அழித்துவிடும். எங்கள் பெரியப்பா குதிரை ராத்திரியில் அவிழ்த்துக்கொண்டு போய்த் தின்றது. அதற்கு மேல் எழுத மனசில்லை.

தேரிக்காட்டான்:

தம்பி, படித்ததும் போய் மூட்டையைப் பரணில் ஏற்றிவிட்டேன். லாயக்காரர் அண்ணாச்சி, தராசும் வாங்கியாச்சு. என் "அரைப் பக்கா" முக்கால் கிலோவுக்கு மேலே நிற்கிறது. நான் அரைக் கிலோ என்று நினைத்துத்தான் இத்தனை நாள் போட்டேன்.

இசப்கோல் எங்கே வாங்குகிறீர்கள் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். சாதாரண மருந்துக்கடையில்தான். எத்தனை, எத்தனை நாளைக்கு என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் மொத்தமாக வாங்குவதைப் பார்த்துக் கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "வீட்டுல யாருக்கு அண்ணாச்சி இவ்வளவு சிரமம்?" என்று கேட்டார். "பந்தயத்துக்குப் போறவனுக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.