அடைமழைக்கு முன் கோழிக்கூடு: யோசனை சொல்லுங்கள்

அண்ணாச்சிமார், அக்காமாருக்கு வணக்கம். சேரன்மகாதேவி பக்கம் வீட்டுப் புறவாசலில் கொஞ்சம் நாட்டுக்கோழி வளர்க்கிறோம். ஐப்பசி மழை பிடிக்குமுன் கூட்டைச் சரிசெய்ய வேண்டும்.

பெரிய கவலை குஞ்சுகளுக்கு வரும் ரத்தக் கழிச்சல்தான். அதை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் முட்டை கோழி எச்சத்தோடு வெளியே வரும். ஈரமும் சூடும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளிலேயே அடுத்த கோழிக்குத் தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். பிளீச்சிங் பவுடருக்கெல்லாம் அசையாது. தரையை உலர்வாக வைப்பதுதான் வழி. நெல் உமி பரப்பியிருக்கிறோம், ஆனால் வயலை ஒட்டிய வீடு, ஓதம் ஏறுகிறது. உமியோடு சுண்ணாம்பு கலப்பவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு கலக்கலாம்?

அப்புறம், மேலப்பாளையம் சந்தையில் வாங்கும் கோழியை இரண்டு மூன்று வாரமாவது தனியே வைக்க வேண்டும். அத்தை “பஞ்சாரத்துல கவுத்தா போதும்” என்கிறார். ஒரே முற்றத்தில் கவிழ்த்தால் அது தனியாகுமா? எச்சத்தை மிதித்த காலோடு நாமேதான் அங்கும் இங்கும் நடக்கிறோம். சின்ன மனைக்காரர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் என்கிற வைரஸ் நோய்) தடுப்பூசி போட்டாயிற்று. ஆனால் அது குடற்புழுவையும் ரத்தக் கழிச்சலையும் தடுக்காதே. கண்ணை மூடிக்கொண்டு புழு மருந்து கொடுக்க எனக்கு விருப்பமில்லை. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் எச்சப் பரிசோதனை செய்தவர்கள் இருந்தால், எச்சத்தை எப்படி எடுத்துப் போனீர்கள் என்று சொல்லுங்கள்.