பெட்டைக் குதிரை விற்பனை: குதிரையே தெரியாதவர்களாக வருகிறார்கள், எப்படிச் சமாளிப்பது?

கோபிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் கத்தியவாரி இனப் பெட்டைக் குதிரை ஒன்று இருக்கிறது. ஏழு வயது, செவலை, பெயர் பவளம். மூன்று வருடம் முன்பு அப்பா ஆசைப்பட்டு வாங்கினார், பார்த்துக்கொண்டதும் அவர்தான். அடுத்த மாதம் அவருக்கு மூட்டு அறுவை சிகிச்சை. எனக்குத் திருப்பூரில் வேலை; காலை ஆறரைக்குக் கிளம்பினால் இரவு ஒன்பதுக்குத்தான் வீடு. ஆடியில் அந்தியூர் சந்தை வரும்வரை வைத்திருக்க வழியில்லை என்று ஆன்லைனில் விளம்பரம் போட்டேன். பத்து நாளில் 37 போன். ஒன்றுகூட உருப்படியாக இல்லை.

ஒருவர் பழைய புல்லட்டுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்றார். ரேவால், அதாவது ஆளைக் குலுக்காத வேக நடை, நன்றாக இருக்கும் என்று எழுதியிருந்தேன், அதை அவர் ராயல் என்று படித்துவிட்டார் போல. இன்னொருவர் கோவையில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறார், மொட்டை மாடியில் ஷெட் போட்டுவிட்டாராம். உயரம் 14.2 என்று போட்டதற்கு, "14 அடிக் குதிரையை எந்த வண்டியிலங்க ஏத்துறது?" என்று ஒரு போன். வேறொருவர் டேப்போடு நேரிலேயே வந்து, காது நுனி வரை பிடித்துப் பார்த்து, "ஏழு அடி இருக்குதுங்களே, குறைச்சுப் போட்டிருக்கீங்க" என்று எனக்கே நல்ல சேதி சொன்னார். காது இரண்டும் நுனியில் ஒட்டிக்கொண்டிருப்பது பிறவிக் குறையா என்று கேட்டவர்கள் மட்டும் நாலு பேர்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். போன ஞாயிறு நடந்ததுதான் பிரச்சினை. ஒரு வேனில் பதினோரு பேர் வந்தார்கள். பாதிப் பேர் ரீல்ஸ் எடுக்க, ஒரு பையன் குதிரையின் பின்னங்காலுக்கு நேராகப் போய் வாலைப் பிடித்தான். அவனை இழுத்து விடுவதற்குள் பெரியவர் ஒருவர், "ஊட்டியில ஓட்டியிருக்கேன்" என்று ஏறிவிட்டார். லகானை நெஞ்சுவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு குதிகாலால் வயிற்றில் குத்துகிறார். நில் என்கிறாரா, போ என்கிறாரா? பவளத்துக்குப் புரியவில்லை, பின்னாலேயே நடந்து எருக்குழி ஓரம் போய் முன்னங்காலைத் தூக்கிவிட்டது. ஆள் நேராகக் குழிக்குள். முழங்கை சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் "சாதுன்னு போட்டீங்களே" என்று ஆஸ்பத்திரிச் செலவு கேட்டார்கள். அப்பா 2,000 கொடுத்து அனுப்பினார்.

இவர்களை முகம் சுளிக்காமல் போனிலேயே எப்படி வடிகட்டுவது? இன்னொன்று, ஒரு தரகர் பல்லைப் பார்த்துவிட்டு 12 வயது என்று அடித்துச் சொல்கிறார். அதற்கு என்ன பதில் சொல்வது?

சந்தைப்பேட்டை:

தம்பி, விளம்பரத்தை அப்படியே இங்கே போடுங்க. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

கோபிக்காரன்:

இதுதாங்கண்ணா: "அழகான கத்தியவாரி குதிரை விற்பனைக்கு. மிகவும் சாது. குழந்தைகூட ஏறலாம். உயரம் 14.2. ரேவால் நன்றாகப் போகும். விலை நேரில் பேசிக்கொள்ளலாம்." அக்கா மகள் பட்டுப்பாவாடையோடு மேலே உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று.

சந்தைப்பேட்டை:

அப்போ அந்த 37 பேரையும் நீங்களேதான் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

குழந்தை ஏறலாம் என்று எழுதினால் குழந்தையைக் கூட்டிக்கொண்டுதான் வருவான். விலை போடாவிட்டால் கையில் இருபதாயிரம் வைத்திருப்பவனும் கேட்பான். 14.2 என்பது நமக்குள் பேசுகிற கணக்கு. 14 என்பது கை, ஒரு கைக்கு நாலு இஞ்ச், புள்ளிக்குப் பிறகு வருவது மிச்ச இஞ்ச். ஆக 58 இஞ்ச். அது தெரியாதவன் 14.2-ஐ நாலால் பெருக்கி 56.8 என்று வந்து சண்டை போடுவான். "தோள்மேட்டு உயரம் 58 இஞ்ச்" என்றே போடுங்க. அளக்கும்போது பிடரி மயிர் முடிகிற இடத்தில் இருக்கிற மேட்டில் ஒரு குச்சியைச் சமமாக வைத்து, தரையிலிருந்து அளந்து காட்டுங்க. தலையை அது ஆட்டிக்கொண்டே இருக்கும், அதை வைத்து என்ன அளப்பது?

சந்தையில் இந்தத் தொல்லை இல்லை. அந்தியூரில் குருநாதசாமி கோயில் திருவிழாவின்போது வரிசையாக நூறு குதிரை நிற்கும். வாங்க வருபவன் நாலு நாள் சுற்றிப் பார்த்தே பாதி படித்துவிடுவான். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும்போது ஓரளவு விவரத்தோடுதான் பேசுவான். வீட்டில் ஒற்றைக் குதிரையை விற்றால் அந்தப் பாடத்தை நீங்கள்தான் நடத்த வேண்டும். வேறு வழியில்லை.

போனில் மூன்று கேள்வி போதும். இப்போது என்ன வளர்க்கிறீர்கள்? எங்கே கட்டுவீர்கள்? நீங்கள் ஊரில் இல்லாத நாளில் யார் தீனி வைப்பார்கள்? கோபமாகக் கேட்காதீர்கள், பொண்ணு வீட்டில் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கிற மாதிரி கேளுங்க. மூன்றாவது கேள்விக்கு "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று பதில் வந்தால் போனை வைத்துவிடலாம்.

வந்தவரை எடுத்ததும் ஏற விடவே கூடாது. முதலில் நீங்கள் ஓட்டிக் காட்டுங்க. அப்புறம் அவர் தலைக்கயிறு மாட்டட்டும், குளம்பைத் தூக்கிப் பார்க்கட்டும். குதிரை பக்கத்தில் எந்தப் பக்கமாகப் போகிறார், கை எங்கே போகிறது என்பதிலேயே ஆள் தெரிந்துவிடும்.

டாக்டரம்மா:

கால்நடை மருத்துவராகச் சில விஷயங்கள். பல் கணக்கு முதலில். குதிரைக்கு ஐந்து வயதில் முன்பற்கள் முழுதும் சேர்ந்துவிடும். அதன்பிறகு கீழ் வரிசைப் பற்களின் மேல்பக்கத்தில் உள்ள குழி தேய்வதை வைத்துத்தான் சொல்வோம். நடு ஜோடியில் ஆறு வயது வாக்கிலும், அடுத்த ஜோடியில் ஏழிலும், ஓரப் பற்களில் எட்டிலும் குழி மறையும். தீனியைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மேல் வரிசையில் கடைசி முன்பல்லைப் பாருங்கள். பத்து வயது வாக்கில்தான் அதன் ஈறோரத்தில் ஒரு கருங்கோடு எட்டிப் பார்க்கும், பதினைந்தில் பாதிப் பல் வரை இறங்கும். கோடே இல்லை என்றால் 12 என்பது பேரத்துக்குச் சொன்ன வயது. தரகர் உங்களைத்தான் சோதித்திருக்கிறார்.

காது ஒட்டியிருப்பதுதான் கத்தியவாரியின் அடையாளமே. கத்தியவார் என்பது குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதி. மார்வாரிக்கும் இதே மாதிரி காது உள்நோக்கி வளையும். விளம்பரத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் கேள்வியே வராது.

விற்பதற்கு முன் கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், கால்நடை மருத்துவமனையில் கேட்டால் வழி சொல்வார்கள். மனிதருக்கும் தொற்றுகிற நோய் அது. உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்வதைத் தவிர வழியில்லை. விற்ற பிறகு அங்கே போய்த் தெரியவந்தால் பழி உங்கள் மேல்தான் வரும். வண்டியில் ஏற்றுவதற்கும் பயணத்துக்குத் தகுதி என்று மருத்துவர் சான்று வேண்டும்.

அப்புறம், பவளத்துக்கு என்ன பிடிக்காது? அதையும் எழுதுங்கள்.

நடுநிசி லாடம்:

இன்னும் வரவில்லை என்றால் சீக்கிரமே வரும்: "நான் ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வர முடியாது, அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து யுபிஐ பின் நம்பர் போடுங்க." பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை, கொடுப்பதற்குத்தான் தேவை. போட்ட அடுத்த நொடி உங்கள் கணக்கு காலி. குதிரையைப் பார்க்காமலே வாங்குகிறேன் என்பவனிடம் பேச்சே வேண்டாம்.

பழைய ஏமாளி:

எல்லோரும் தெரியாதவனை விரட்டுவது எப்படி என்றே பேசுகிறீர்கள். நானும் ஒரு காலத்தில் அந்தத் தெரியாதவன்தான்.

முதல் குதிரை வாங்கிய அன்றைக்கே, பயணத்தில் இளைத்திருக்கும் என்று ஒரு வாளி நிறையக் கொள்ளும் கோதுமையும் வைத்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, மண்ணில் புரண்டது, எழுந்தது, மறுபடி புரண்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. விற்றவருக்குப் போன் செய்தேன். மனுஷன் முதலில் கேட்டது, "கடைசியா எப்ப லத்தி போட்டுது?" (குதிரைச் சாணத்தைத்தான் லத்தி என்பார்கள்.) தீனித் தொட்டியை எடுத்துவிடு, புரள விடாமல் நடத்திக்கொண்டே இரு, டாக்டரைக் கூப்பிடு என்றார். டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டபோது மணி இரண்டு. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். விற்றவர் போனை எடுக்காமல் இருந்திருந்தால் விடிவதற்குள் செத்திருக்கும்.

என் அனுபவத்தில் ஒன்றும் தெரியாதவனைவிட அரைகுறையாகத் தெரிந்தவன்தான் ஆபத்து. உங்கள் எருக்குழியில் விழுந்தவர் தெரியாது என்று சொல்லியிருந்தால் விழுந்திருக்கவே மாட்டார்.

சந்தைப்பேட்டை:

பேச்சுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ராத்திரி போன் எடுக்கிற ஆள் பத்தில் ஒருவர். தம்பிக்கு வேலைக்குப் போகவே நேரமில்லை, விற்ற குதிரைக்கு டியூஷன் எடுப்பாரா?

பழைய ஏமாளி:

எடுக்க முடியாது என்றால் தெரிந்தவருக்கு விற்கட்டும். ஆனால் கேள்வி கேட்கிறான் என்பதற்காக ஒருவனைத் தள்ளாதீர்கள். முட்டாள்தனமாகக் கேட்டாலும் கேட்கிறான் இல்லையா?

கோபிக்காரன் (மூன்று வாரம் கழித்து):

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தை மாற்றினேன். விலை 1,40,000 என்று போட்டேன். தோள்மேட்டு உயரம் 58 இஞ்ச். "தனியாகக் கட்டினால் கனைத்துக்கொண்டே இருக்கும். பின் இடது காலுக்கு லாடம் அடிக்க இரண்டு ஆள் வேண்டும். புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஏற்றதல்ல." பட்டுப்பாவாடைப் படத்தை எடுத்துவிட்டுக் குளம்பு, பல், பக்கவாட்டுத் தோற்றம் என்று நாலு படம். அடுத்த ஒரு வாரத்தில் மொத்தமே ஆறு போன்.

அதில் இரண்டு பேர் நேரில் வந்தார்கள். முதல் ஆள் கறாராகப் பார்த்தார், குளம்பைச் சரியாகத் தூக்கினார். எனக்கே நம்பிக்கை வந்தது. பிறகு தொண்டைக்குக் கீழே ஒரு சுழியைத் தொட்டுக் காட்டி, "இது வீட்டுக்கு ஆகாதுங்க. 70,000-னா எடுத்துக்கிறேன்" என்றார்.

இரண்டாவது, தாராபுரம் பக்கம் ஒரு டீச்சர். போனில் அவர் சொன்ன முதல் வார்த்தையே, "புதுசா வளர்க்கிறவங்களுக்கு ஏத்ததில்லைன்னு போட்டிருக்கீங்க. நான் புதுசுதான். ஏன்னு மட்டும் சொல்றீங்களா தம்பி?" குதிரை படுத்துத் தூங்குமா, மழையில் நனையலாமா, ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் என்று ஒரு நோட்டு நிறையக் கேள்வி. சாணி, சாணி என்றே சொல்லிக்கொண்டிருந்தார், அப்பா ஒவ்வொரு தடவையும் "லத்திம்மா" என்று திருத்தினார். அடுத்த வாரம் மாமனாரைக் கூட்டிவந்தார். அவர் பழனியில் பல வருடம் ஜட்கா ஓட்டியவராம். எழுபது தாண்டிய மனுஷன், ஒன்றும் பேசாமல் பவளத்தின் கழுத்தைத் தடவிக்கொண்டே போய் அந்தப் பின் இடது காலைத் தூக்கினார். அது சும்மா நின்றது. வீட்டில் வயதான மட்டக்குதிரை ஒன்றும் துணைக்கு இருக்கிறதாம்.

யாருக்குக் கொடுக்கலாம் சொல்லுங்கள்? அப்பாவுக்குச் சுழி விஷயம் மனதில் உறுத்துகிறது.

சந்தைப்பேட்டை:

வீட்டுக்கு ஆகாத சுழி 70,000-க்கு மட்டும் எப்படி ஆகும்? அப்பாவிடம் இதைக் கேளுங்க. டீச்சர் வீட்டுக்கே கொடுத்துவிடுங்க தம்பி. ஏமாளி சொன்னதுதான் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காலைத் தூக்கியது டீச்சர் இல்லை, மாமனார். அதையும் மறக்க வேண்டாம்.

டாக்டரம்மா:

பரிசோதனை முடிவு வந்துவிட்டதா? அது கைக்கு வந்த பிறகு முழுப்பணம் வாங்குங்கள். இப்போது தின்கிற அதே தீனியில் ஒரு வாரத்துக்கு உள்ளதைக் கூடவே கட்டிக் கொடுங்கள். திடீரென்று மாற்றினால் ஏமாளி சொன்ன ராத்திரிதான்.

கோபிக்காரன்:

முடிவு நெகட்டிவ். 1,30,000-க்கு முடிந்தது. வண்டிதான் பாடாய்ப் படுத்திவிட்டது. டீச்சர் வீட்டில் குட்டி யானை கொண்டுவந்திருந்தார்கள், அதைத் திருப்பி அனுப்பிவிட்டு உயரமான தடுப்பு வைத்த பெரிய வண்டி பிடித்தோம். தகரத் தளம் வழுக்கும் என்று மணலும் வைக்கோலும் பரப்பியும் பவளம் முக்கால் மணி நேரம் ஏறவில்லை. கடைசியில் அப்பா ஊன்றுகோலோடு முன்னால் ஏறி நின்று வெல்லக்கட்டியைக் காட்டினார். பின்னாலேயே ஏறிவிட்டது.

இன்று காலை 5.40-க்கு டீச்சரிடமிருந்து ஒரு படம். "தம்பி, லத்தி இந்த அளவு உருண்டையாக இருக்கிறது, சரிதானே?" அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, தண்ணீர் கொஞ்சம் கூட வைக்கச் சொல் என்றார்.